புதிய கைப்பேசியின் முதல் ஒரு மணி நேரம்

— இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (கணிதம்) மாணவி

முன்னுரை

‘முதல் கோணல் முற்றும் கோணல்’ என்பது நம் முன்னோர் வாக்கு. கடைக்கால் சரியில்லாத வீடு எத்தனை அழகாகப் பூசப்பட்டாலும் நிலைப்பதில்லை. நாற்றங்காலில் செய்த பிழையை நடவு வயலில் திருத்த இயலாது. இவ்வுண்மை நாம் அன்றாடம் கையில் வைத்திருக்கும் கைப்பேசிக்கும் பொருந்தும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நம் கல்லூரியில் கைப்பேசி இல்லாத மாணவரைக் காண்பது இன்று அரிது. ஆனால் ‘உன் கைப்பேசியை வாங்கிய அன்று அதை முதன்முதலில் ஆயத்தம் செய்தது யார்?’ என்று கேட்டால், ‘கடைக்காரர்’ என்றோ ‘பக்கத்து வீட்டு அண்ணன்’ என்றோதான் பலரும் விடை கூறுவோம். என்னைப் போல் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் வீட்டில் இது இன்னும் உறுதி. அந்த ஒரு மணி நேரத்தைப் பிறர் கையில் விட்டதால் எங்கள் குடும்பம் இழந்தது என்ன என்பதை முதலில் கூறிவிட்டு, பாடத்திற்கு வருகிறேன்.

ஒரு படத்தின் கதை

2022-ஆம் ஆண்டு என் தந்தையார் தவணை முறையில் ஓர் ஆண்ட்ராய்டு கைப்பேசி வாங்கினார். நெல் அரவை ஆலையில் மூட்டை தூக்கும் அவருக்கு அது பெரிய செலவு. கடையிலிருந்த இளைஞர் ஐந்தே நிமிடத்தில் எதை எதையோ தொட்டு, ஏதோ ஒரு கணக்கை உண்டாக்கி, “எல்லாம் போட்டாச்சு, இனிமே பேசலாம்ணே” என்று கையில் கொடுத்துவிட்டார். அப்பாவும் மகிழ்ச்சியோடு வாங்கி வந்தார். அவர் இட்ட கணக்கின் பெயர் என்ன, கடவுச்சொல் என்ன என்று கேட்க வேண்டும் என்பதே எங்களுக்குத் தெரியாது.

2023 பொங்கலன்று புதுச்சேலை உடுத்தித் திண்ணையில் உட்கார்ந்திருந்த என் பாட்டியை அந்தக் கைப்பேசியில் படம் எடுத்தேன். பொக்கை வாய் தெரியச் சிரித்த படம். அதே ஆண்டு ஆனி மாதத்தில் என் தம்பி விளையாட்டாகத் திரைப்பூட்டின் கோலத்தை மாற்றிவிட்டு, மாற்றியதை மறந்துபோனான். பழுது பார்க்கும் கடை ஒன்றில் கொடுத்தோம். அவர்கள் பக்கவாட்டுப் பொத்தான்களை அழுத்தி, உள்ளிருந்த அனைத்தையும் அழித்து, முதல் நிலைக்குக் கொண்டுவந்தனர். அப்போதும் அது திறக்கவில்லை. முன்பு அச்சாதனத்தில் இருந்த கூகுள் கணக்கைக் கேட்டது. அது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. கடைக்குச் சென்று கேட்டபோது அந்த இளைஞர் வேலையை விட்டுத் திருப்பூர் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

ஆடியில் பாட்டி இறந்துபோனார். கைப்பேசியை உற்பத்தி செய்த நிறுவனத்தின் சேவை மையத்தில் வாங்கிய ரசீதைக் காட்டிய பின் கைப்பேசி திறந்தது, படம் திரும்பவில்லை. இன்று எங்கள் வீட்டுச் சுவரில் மாலையுடன் இருப்பது, வாக்காளர் அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கிய, முகம் தெளிவில்லாத படமே. அதில் பாட்டி சிரிக்கவில்லை.

அந்த இளைஞரைக் குறை கூறுவதில் பயனில்லை. ஒரு நாளைக்கு எத்தனையோ பேருக்கு அவர் அப்படித்தான் செய்து கொடுத்திருப்பார். கேட்கத் தெரியாதது எங்கள் பிழை. அதனால்தான் இவ்வாண்டு, தெருப்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துச் சேர்த்த பணத்தில் அம்மாவுக்கு ஒரு கைப்பேசி வாங்கியபோது, கடையில் அதன் பெட்டியைத் திறந்து பார்த்ததோடு சரி. அதை இயக்கவிடாமல் வீட்டிற்குக் கொண்டு வந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, அம்மாவை அருகில் அமர்த்திக்கொண்டு, நிதானமாக ஆயத்தம் செய்தேன். அன்று செய்தவற்றையே இங்கு வரிசையாகத் தருகிறேன்.

ஆண்ட்ராய்டு என்பது யாது?

கைப்பேசியின் உறுப்புகளையெல்லாம் இயக்கி ஒருங்கிணைக்கும் அடிப்படை மென்பொருளே இயங்குதளம் எனப்படும். ஆண்ட்ராய்டு அத்தகைய ஓர் இயங்குதளம். அதன் உட்கருவாக இருப்பது லினக்ஸ். ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் அதை வெளியிட்டபோது அவருக்கு வயது 21. ஏறத்தாழ நம் வயதுதான்! ஆண்ட்ராய்டு நிறுவனம் 2003-இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் தொடங்கப்பட்டது. 2005-இல் கூகுள் அதை வாங்கியது. முதல் ஆண்ட்ராய்டு கைப்பேசி 2008-இல் விற்பனைக்கு வந்தது.

ஒவ்வொரு உற்பத்தியாளரும் ஆண்ட்ராய்டின் மேல் தத்தம் விருப்பப்படி ஓர் உடையைப் போர்த்துகின்றனர். ஆகவே கீழே கூறும் படிகளின் வரிசை கைப்பேசிக்குக் கைப்பேசி சற்று மாறலாம். பொருள் மாறாது.

பெட்டியைத் திறக்கும்போது

முதற்பணி, பெட்டியின் மேல் அச்சிட்டுள்ள 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணைக் குறித்துக்கொள்வது. இது கைப்பேசியின் பிறப்புச் சான்றிதழ் போன்றது. இரண்டு சிம் அட்டை போடும் கைப்பேசிக்கு இரண்டு எண்கள் இருக்கும். கைப்பேசியில் நட்சத்திரக் குறி, கட்டக் குறி, 06, மீண்டும் கட்டக் குறி என அழுத்தினால் அதே எண்கள் திரையில் தோன்ற வேண்டும். தோன்றாவிடில் பெட்டி ஒன்று, கைப்பேசி வேறொன்று என்று பொருள்.

கணித மாணவர்களுக்கு இவ்வெண்ணில் ஒரு சுவை உண்டு. இதன் 15-ஆவது இலக்கம் சரிபார்ப்பு இலக்கம். ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய ஹான்ஸ் பீட்டர் லூன் என்பவர் வகுத்த முறையில் அது கணக்கிடப்படுகிறது. எடுத்துக்காட்டாக, 49015420323751 என்ற 14 இலக்கங்களைக் கொள்வோம். இடமிருந்து 2, 4, 6 என இரட்டை இடங்களில் உள்ள 9, 1, 4, 0, 2, 7, 1 ஆகியவற்றை இரட்டிக்க வேண்டும். விடை ஈரிலக்கமானால் அவ்விரு இலக்கங்களையும் கூட்டிக்கொள்ள வேண்டும். அப்போது 9, 2, 8, 0, 4, 5, 2 கிடைக்கும், கூட்டுத்தொகை 30. ஒற்றை இடங்களில் உள்ள 4, 0, 5, 2, 3, 3, 5 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 22. மொத்தம் 52. அடுத்த பத்தின் மடங்காகிய 60-ஐ எட்ட 8 தேவை. எனவே 15-ஆவது இலக்கம் 8 ஆகும். எழுதும்போது ஏதேனும் ஓர் இலக்கத்தைத் தவறாக எழுதினால் இக்கணக்கு உடனே காட்டிக்கொடுத்துவிடும். நான் குறித்த எண்ணை இம்முறையில் சரிபார்த்த பிறகே ஏட்டில் எழுதினேன்.

இந்த எண்ணால் பயன் என்ன? கைப்பேசி தொலைந்தாலோ திருடு போனாலோ காவல் நிலையத்தில் புகார் அளித்து, மத்தியத் தொலைத்தொடர்புத் துறை 2023-இல் தொடங்கிய ‘சஞ்சார் சாத்தி’ இணையத்தளத்தில் இந்த எண்ணைக் கொடுத்தால், நாட்டின் எந்தத் தொலைபேசி நிறுவனத்தின் சிம் அட்டையைப் போட்டாலும் அக்கைப்பேசி இயங்காதவாறு தடுக்க முடியும். ஆகவே எண்ணையும் ரசீதையும் கைப்பேசிக்குள் படமாக வைத்துப் பயனில்லை. வீட்டில் தாளில் இருக்க வேண்டும்.

மொழி

கைப்பேசியை இயக்கியவுடன் அது கேட்கும் முதற்கேள்வி மொழி பற்றியது. பெரும்பாலோர் யோசிக்காமல் ஆங்கிலத்தைத் தொட்டுவிடுகிறோம். என் தம்பியும் அதைத்தான் சொன்னான். ஆனால் ஐந்தாம் வகுப்பு வரை படித்த என் அம்மா தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பார். தமிழைத் தேர்ந்தெடுத்தேன். திரையில் வந்த ‘அமைப்புகள்’ என்ற சொல்லை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். தனக்குப் புரியாத மொழியில் ‘ஏற்கிறேன்’ என்று ஒருவர் அழுத்துவது, படிக்காமல் பத்திரத்தில் கைநாட்டு வைப்பதற்கு ஒப்பாகும்.

கணக்கு - கைப்பேசியின் பட்டா

அடுத்து வருவதே மிக முக்கியமான படி. சிம் அட்டையைப் போட்டு இணையத்தோடு இணைத்ததும் கூகுள் கணக்கைக் கேட்கும். இதைத் தவிர்த்துவிட்டும் முன்னே செல்லலாம். ஆனால் செயலிகளைப் பெறவும், படங்களைப் பாதுகாக்கவும், தொலைந்த கைப்பேசியைத் தேடவும் இக்கணக்கே அடிப்படை.

2015-இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 5.1 பதிப்பு முதல் ஒரு பாதுகாப்பு ஏற்பாடு உள்ளது. திரைப்பூட்டும் கூகுள் கணக்கும் இடப்பட்ட கைப்பேசியைப் பொத்தான்களை அழுத்தி அழித்துப் புதிதாக்கினாலும், பழைய கணக்கின் விவரத்தைத் தராமல் அதைப் பயன்படுத்த முடியாது. திருடனைத் தடுக்க வந்த ஏற்பாடு இது. ஆனால் கணக்கு யாருடையது என்று தெரியாத வீட்டில், இதுவே உரியவரை வெளியே நிறுத்திவிடுகிறது. எங்கள் வீட்டில் நடந்தது இதுதான்.

இதை அம்மாவுக்கு விளக்கினேன். சற்று யோசித்துவிட்டு, “அப்ப இது நம்ம மனைப் பட்டா மாதிரியா பாப்பா? யாரு பேருல இருக்கோ அவங்களுக்குத்தான் சொந்தம்?” என்று கேட்டார். இதைவிடச் சிறந்த விளக்கத்தை நான் எந்த நூலிலும் படித்ததில்லை.

ஆகவே கணக்கை அம்மாவின் பெயரிலேயே தொடங்கினேன். அப்போது கவனித்த செய்திகள் நான்கு.

ஒன்று, கணக்கின் மீட்பு எண். கடவுச்சொல்லை மறந்தால் உதவ ஒரு தொலைபேசி எண்ணும் ஒரு மின்னஞ்சல் முகவரியும் தரலாம். அம்மாவின் எண்ணையும் என் மின்னஞ்சலையும் கொடுத்தேன். நீண்ட நாள் பணம் கட்டாமல் விட்ட எண் வேறொருவருக்குப் போய்விடும். ஆகவே எண்ணை மாற்றும்போது கணக்கிலும் மாற்ற மறக்கலாகாது.

இரண்டு, இருபடிச் சரிபார்ப்பு. இதை ஏற்படுத்தினால் கடவுச்சொல் மட்டும் தெரிந்த வேறொருவர் உள்ளே நுழைவது கடினம். அப்போது 8 இலக்கம் கொண்ட 10 மாற்றுக் குறியீடுகளையும் பெற்றுக்கொள்ளலாம். ஒவ்வொன்றும் ஒரு முறை மட்டுமே பயன்படும். கைப்பேசியே தொலைந்த நாளில் இவை கைகொடுக்கும். இவற்றைத் தாளில் எழுதினேன்.

மூன்று, காப்புப் பிரதி. கைப்பேசியில் உள்ளவற்றின் நகல் கணக்கிலும் சேமிக்கப்படுவதே இது. படங்களுக்கு மட்டும் ‘கூகுள் ஃபோட்டோஸ்’ செயலியில் இதைத் தனியே இயக்க வேண்டும் என்பதைப் பலர் அறியார். ஒரு கணக்கிற்கு இலவசமாகக் கிடைப்பது 15 ஜிகாபைட்டு இடம். அது படம், மின்னஞ்சல், கோப்பு அனைத்திற்கும் பொது.

நான்கு, கணக்கைப் பயன்படுத்தி வருதல். இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பயன்படுத்தப்படாத கணக்குகளை நீக்கலாம் என்ற விதியைக் கூகுள் 2023-இல் அறிவித்தது. கடை இளைஞர் தொடங்கிய அந்தப் பெயர் தெரியாத கணக்கில் ஒருவேளை பாட்டியின் படம் சேர்ந்திருந்தால், அதுவும் இந்நேரம் அழிந்திருக்கலாம்.

பூட்டும் எண்ணிக்கையும்

திரைப்பூட்டு பல வகைப்படும். நான்கு இலக்க எண்ணுக்கு 10,000 வாய்ப்புகள். ஆறு இலக்கமானால் 10,00,000. ஒன்பது புள்ளிகளில் குறைந்தது நான்கை இணைக்கும் கோலத்திற்கு 3,89,112 வாய்ப்புகள். எண்ணிக்கையில் கோலம் நான்கு இலக்க எண்ணைவிட மேலானதுபோல் தோன்றும். ஆனால் விரல் இழுத்த தடம் கண்ணாடியில் படிந்திருக்கும். அருகில் இருப்பவர் ஒரு முறை பார்த்தாலே நினைவில் நிற்கும். தம்பி அப்பாவின் கைப்பேசியைத் திறந்ததும் அப்படித்தான்.

அம்மா முதலில் நான் பிறந்த ஆண்டை வைக்க விரும்பினார். உயிரோடிருப்போர் பிறந்த ஆண்டுகள் ஏறத்தாழ நூறுதான். ஆகவே 10,000 வாய்ப்புகள் நூறாகச் சுருங்கிவிடும். அதிலும் வீட்டாரின் பிறந்த ஆண்டு என்றால் நான்கைந்தே! இதைச் சொன்னதும், “அப்ப நீ அந்தப் பக்கம் திரும்பிக்க” என்றார். ஆறு இலக்கங்களை அவரே இட்டார். அந்த எண் இன்றுவரை எனக்குத் தெரியாது.

அம்மா அதை மறந்தால் என்ன செய்வது என்று நீங்கள் கேட்கலாம். கைப்பேசியை அழித்துப் புதிதாக்கலாம். அது கணக்கைக் கேட்கும். கணக்கின் விவரம் தாளில் உள்ளது. திறந்ததும் காப்புப் பிரதியிலிருந்து படங்கள் திரும்பும். முன்பு அறுந்த சங்கிலி இப்போது முழுமையாக இருக்கிறது.

விரல் ரேகைப் பூட்டும் போட்டுப் பார்த்தோம். ஆண்டாண்டாக நாற்றுப் பறித்து நடவு நட்ட அம்மாவின் விரல் ரேகை பலமுறை முயன்றும் பதியவில்லை. இடக்கையின் சுண்டுவிரல்தான் கடைசியில் பதிந்தது. விரல் ரேகை இருந்தாலும் கைப்பேசியை நிறுத்தி மீண்டும் இயக்கினால் எண்ணையே கேட்கும். ஆகவே எண்ணை நினைவில் வைத்திருத்தல் இன்றியமையாதது.

அனுமதி கேட்கும் செயலிகள்

செயலி என்பது வீட்டிற்கு வரும் விருந்தினர் போன்றது. திண்ணையில் உட்கார வைக்க வேண்டியவரைச் சமையலறை வரை அழைக்கலாமா? 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், செயலிகள் ஒளிப்படக்கருவி, ஒலிவாங்கி, தொடர்பு எண்கள், இருப்பிடம் ஆகியவற்றுக்குத் தனித்தனியே அனுமதி கேட்கின்றன. ‘பயன்படுத்தும்போது மட்டும்’ என்று எல்லை வகுக்கவும் பின்னர் வழி வந்தது. பேசுவதற்குரிய செயலி ஒலிவாங்கியைக் கேட்பது முறை. விளக்கெரியும் செயலி தொடர்பு எண்களைக் கேட்பது முறையன்று. மறுத்தாலும் பெரும்பாலான செயலிகள் இயங்கும். இயங்காவிடில் பிறகு தரலாம்.

கடன் தரும் செயலிகளிடம் சிறப்பான எச்சரிக்கை தேவை. தொடர்பு எண்களையும் படங்களையும் எடுத்துக்கொண்டு, பின்னர் உறவினருக்கெல்லாம் இழிவான செய்தி அனுப்பி மிரட்டிய கொடுமைகளைச் செய்தித்தாள்களில் படித்திருக்கிறோம். அதனால்தான் ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் வெளியிட்ட நெறிமுறைகளில், கடன் செயலிகள் தொடர்புப் பட்டியல், படங்கள், அழைப்பு விவரங்கள் ஆகியவற்றைத் தொடக்கூடாது என்று கூறியது. கேட்கும் செயலியே விதியை மீறுகிறது என்று அறிந்துகொள்ளலாம்.

இன்னொன்று, ‘திருமண அழைப்பிதழ்’ என்றும் ‘போக்குவரத்து அபராதம்’ என்றும் வாட்ஸ்அப்பில் வரும் செயலிக் கோப்புகள். அழைப்பிதழ் என்றால் படமாக வரலாம். செயலியாக வர வேண்டிய தேவை என்ன? அவற்றை நிறுவினால் நம் குறுஞ்செய்திகளை, வங்கி அனுப்பும் ஓ.டி.பி. எண் உட்பட, பிறர் படிக்க வழி ஏற்படும். செயலியை ‘பிளே ஸ்டோர்’ மூலம் மட்டுமே பெற வேண்டும். ஏமாந்து பணம் போய்விட்டால், வெட்கப்பட்டு மறைக்காமல், உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். எத்தனை விரைவோ அத்தனை நன்று.

எஞ்சிய சிறு பணிகள்

முதலில், இயங்குதளப் புதுப்பிப்பு. கைப்பேசி பெட்டிக்குள் கிடந்த மாதங்களில் கண்டறியப்பட்ட ஓட்டைகளை அடைப்பது இது. அளவில் பெரிதாக இருக்குமாதலால், அன்றைய இணைய அளவு மீதமிருக்கும் இரவு வேளையில் செய்துகொண்டோம். அடுத்து, அவசர விவரம். இரத்த வகையையும் இரு உறவினர் எண்களையும் பதிந்தால், பூட்டைத் திறக்காமலேயே பிறர் காணலாம். மூன்றாவதாக, எழுத்தின் அளவைப் பெரிதாக்கினேன். அம்மாவுக்கு அதுவே பேருதவியாயிற்று.

கைப்பேசியை விற்கும்போதோ பிறருக்குத் தரும்போதோ இவற்றைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். முதலில் கணக்கை நீக்கி, பிறகு அமைப்புகளில் நுழைந்து அழிக்க வேண்டும். இல்லையேல், நாம் பட்ட துன்பத்தை வாங்கியவர் படுவார்.

முடிவுரை

எல்லாம் முடிய ஒரு மணி நேரத்திற்குச் சற்றுக் கூடுதலாயிற்று. இதில் பட்டப்படிப்பு தேவைப்படும் செயல் ஒன்றும் இல்லை. பொறுமையும், திரையில் உள்ளதைப் படித்துவிட்டுத் தொடும் பழக்கமுமே தேவை. நம்மில் பலர் வீட்டில் முதலில் படித்தவர்கள். அப்பாவும் அம்மாவும் கைப்பேசியை நம்மிடம்தான் நீட்டுவார்கள். ‘கொடுங்க, நான் போட்டுத் தர்றேன்’ என்று பிடுங்கி ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டால், நாமும் அந்தக் கடை இளைஞர் செய்ததையே செய்தவர்களாவோம். அவர்கள் கையாலேயே செய்ய வைப்போம். அவர்கள் பெயரிலேயே கணக்கிருக்கட்டும்.

கணக்கின் விவரமும் மாற்றுக் குறியீடுகளும் எழுதிய தாளை அம்மா நான்காக மடித்தார். மனைப் பட்டா இருக்கும் தகரப்பெட்டியைத் திறந்து, அதன் அடியில் வைத்துப் பூட்டினார். பிறகு கைப்பேசியை எடுத்து, திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பாவைத் தம் கையாலேயே ஒரு படம் எடுத்தார். அந்தக் கைப்பேசியில் முதற்படம் அதுதான்.